கோடு ஏன் தடித்தது?
சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் கியூப்சாட் (சிறிய செயற்கைக்கோள்) ஒன்றுக்காக, ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலையும் அளக்கும் சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இரும்பு-55 என்ற கதிரியக்க மூலத்தை வைத்தால், அது சிதைந்து உருவாகும் மாங்கனீசின் எக்ஸ் கதிர், ஆற்றல் வரைபடத்தில் 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு கோடாக ஊசி மாதிரி நிற்க வேண்டும். மேசையில் நின்றது, அகலம் சுமார் 150 எலக்ட்ரான்வோல்ட். செயற்கைக்கோளின் மின்பலகையோடு இணைத்ததும் இருமடங்காகத் தடித்துவிட்டது.

குளிரூட்டியைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். வெப்பநிலை அசையவே இல்லை. பிறகு டிடெக்டருக்கு மட்டும் தனி பேட்டரி கொடுத்தேன். கோடு பழையபடி மெலிந்தது! குற்றவாளி, மின்பலகையில் மின்னழுத்தத்தை மாற்றித்தரும் ஸ்விட்சிங் கன்வெர்ட்டர்தான். இரண்டு கிரவுண்ட் வழிகள் இருந்ததால் அதன் இரைச்சல் சுற்றிவந்து, டிடெக்டரின் சிறு சிக்னலைப் பெருக்கும் முன்பெருக்கிக்குள் நுழைந்திருக்கிறது. ஒரு வழியை வெட்டினேன், மின்வழியில் ஃபில்டர் வைத்தேன். அகலம் 160க்கு இறங்கியது.

பீக்கிங் டைமை, அதாவது ஒவ்வொரு ஃபோட்டானின் சிக்னலும் உச்சத்தைத் தொட எடுக்கும் நேரத்தை, கூட்டியும் இரைச்சலைக் குறைத்திருக்கலாம். ஆனால் சூரியச் சுடரின்போது ஃபோட்டான்கள் கொத்தாக வரும். அந்த நேரம் நீண்டால், 3 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான்கள் இரண்டு சேர்ந்து ஒரே 6 ஆகப் பதிவாகிவிடும். சுடர்களின் வலுவைக் குறிக்கும் வகைப்பாட்டில் எம்1 சுடரைவிட எக்ஸ்1 பத்து மடங்கு வலுவானது வேறு. அதனால் பீக்கிங் டைமைத் தொடாமல், ஃபோட்டான்கள் குறைவாக நுழையும்படி திறப்புத் துளையை மட்டும் இன்னும் சிறிதாக்கினேன்.