பெங்களூரில் வீட்டை விற்றுக் காலி செய்கிறீர்களா? வாங்குபவரிடம் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வீடு வாங்க வருகிறவர் நச்சரிப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆயுள் சம்பாத்தியத்தையும் அதற்கு மேல் இருபது வருஷக் கடனையும் ஒரே பத்திரத்தில் கொட்டப் போகிற ஆள், குழாயைத் திறந்து பார்ப்பார், மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார், கீழ்வீட்டுக்காரரிடம் உங்களைப் பற்றி விசாரிப்பார். பார்க்கட்டும். நான் எழுத வந்தது நம் பக்கத்துக் கோளாறுகளைப் பற்றி. பெங்களூரில் நான் பார்த்த வரைக்கும், விற்கிறவர்கள் விலை பேசும்போது உஷாராகத்தான் இருக்கிறார்கள். அட்வான்ஸ் கைக்கு வந்ததும் ‘அப்பாடா, முடிந்தது’ என்று ஒரு தளர்வு வரும் பாருங்கள், அதிலிருந்து பத்திரப்பதிவு வரைக்கும் உள்ள இரண்டு மூன்று மாதத்தில்தான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டைக் காட்டும்போதே ஆரம்பிக்கிற தவறு ஒன்று உண்டு. “பையன் கோயம்புத்தூருக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டான், ஜூன்ல பேத்திக்கு ஸ்கூல் திறக்குது, அதுக்குள்ள நாங்களும் போயாகணும்” என்று காபி கொடுத்துக்கொண்டே முழுக் கதையையும் சொல்லிவிடுவது. வந்தவர் அதைக் கேட்டு ‘ஐயோ பாவம்’ என்று நினைக்க மாட்டார், மே மாதக் கடைசி வரை இழுத்தால் இரண்டு லட்சம் குறையும் என்று நினைப்பார். புரோக்கரிடம் சொன்னாலும் அதே கதிதான். அவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன், வியாபாரம் சீக்கிரம் முடிந்தால் சரி. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் “ஊர்ப்பக்கம் போகலாம்னு இருக்கோம்” என்றால் போதும், தேதியை மட்டும் வாயில் எடுக்காதீர்கள்.

காகிதம் தயாராகாமல் ஆள் தேடுவதும் கிட்டத்தட்ட இதே தவறுதான். 2024 அக்டோபரிலிருந்து பெங்களூரு மாநகர எல்லைக்குள் இ-கத்தா (மாநகராட்சிப் பதிவேட்டில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் மின்னணுச் சான்று) இல்லாமல் சொத்தைப் பதிவு செய்ய முடியாது. அதை வாங்கப் போனால், பத்திரத்தில் அப்பா பெயர் முன்னால் வந்து, ஆதாரில் வெறும் இனிஷியலாக நிற்கும். நம் ஆட்களுக்கு இந்த இனிஷியல் தொல்லை எந்த ஊருக்குப் போனாலும் விடாது. அதைத் திருத்தி, ஆவணங்களை ஏற்றி, இறுதி இ-கத்தா கைக்கு வர வாரங்கள் போகும். அந்த வாரங்களில் வாங்குபவர் சும்மா இருப்பாரா? “உங்க பேப்பராலதான் லேட், எங்க லோன் சாங்ஷன் காலாவதி ஆயிடும், ஏதாவது குறைச்சுக்குங்க” என்பார், அதில் நியாயமும் இருக்கும். அதனால் இ-கத்தா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, அசோசியேஷனில் பாக்கி இல்லை என்ற கடிதம், இவையெல்லாம் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே ஒரு ஃபைலில் இருக்கட்டும். வீட்டின் மேல் உங்களுக்குக் கடன் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடன் முழுதும் அடைந்தபின் 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது, 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது. வாங்குபவர் “பத்திரம் எப்போ வரும்?” என்று தினமும் போன் போட்டால் சொல்ல உங்களுக்கும் ஒரு பதில் வேண்டும் அல்லவா.

கீசர் யாருக்கு?

சண்டை வருவது கோடியில் அல்ல, கீசரில். ஒப்பந்தத்தில் வீட்டின் நீள அகலம், நான்கு எல்லை, கார் நிறுத்தும் இடத்தின் எண் எல்லாம் இருக்கும். இரண்டு பாத்ரூம் கீசர், ஹாலில் உள்ள ஏசி, சமையலறைச் சிம்னி, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், யுபிஎஸ், அதன் பேட்டரி, பூஜை அறையின் தேக்குக் கதவு, இவற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது. வாங்குபவர் வீட்டைப் பார்த்தபோது அவை இருந்தன, அதனால் அவர் மனதில் அவை அவருடையவை. உங்கள் மனதில் அவை லாரியில் ஏறிவிட்டன. காலி செய்த மறுநாள் சுவரில் நான்கு ஓட்டையும் தொங்குகிற வயரும் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அட்வான்ஸ் வாங்குகிற அன்றைக்கே அறை அறையாகப் போய் வீடியோ எடுங்கள், விட்டுப்போகிற சாமான்களை ஒரு தாளில் பட்டியல் போட்டு இரு பக்கமும் கையெழுத்து வாங்கி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். எடுத்துப்போகிற சாமானில் மாட்டி வைத்தது ஏதாவது இருந்தால், வீடு காட்டத் தொடங்கும் முன்பே கழற்றிவிடுவது இன்னும் நல்லது. கண்ணில் படாததை யாரும் கேட்க மாட்டார்கள். பழைய யுபிஎஸ் பேட்டரியையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறீர்கள், விட்டுவிடுங்கள். பேரத்தில் ‘இதையும் தருகிறேன்’ என்று சொல்ல நாலு சாமான் கையில் இருப்பது உதவும்.

அடுத்து, “இதை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க” என்கிற ரகம். பெயின்ட் அடிக்கணும், பால்கனிக்கு வலை போடணும், ஈசான்ய மூலையில் இருக்கிற கழிப்பறையை வேறு பக்கம் மாற்றித் தரணும். (வாஸ்து பார்க்கிற ஆள் அட்வான்ஸ் கொடுத்தபிறகு வருவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) நல்ல மனசில் நீங்களே ஆள் வைத்துச் செய்துகொடுத்தால் நிறம் பிடிக்காது, வலை தொளதொள என்று இருக்கும், அப்புறம் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. செலவு எவ்வளவு ஆகும் என்று இருவரும் பேசி, நியாயமாக இருந்தால் விலையில் கழித்துவிட்டு, வேலையை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அவர் விருப்பப்படி செய்துகொள்வார், உங்களுக்கும் வேலை மிச்சம்.

ஆனால் இருக்கிற பழுதை மறைப்பது வேறு விஷயம். மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்குவது தெரிந்தும் அதன்மேல் புட்டி பூசிப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ‘இந்த இடத்தில் ஈரம் வரும்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டால், பின்னால் அதைச் சொல்லி யாரும் உங்கள் வாசலுக்கு வர முடியாது.

“பால் காய்ச்ச மட்டும் சாவி குடுங்க”

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வில்லங்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெங்களூரில் ஜூன் மாதம் நெருங்கினால் வாங்குபவருக்கு ஒரு பதற்றம் வந்துவிடும். கன்னடக்காரருக்கு ஆஷாடம் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொடங்கும், அது முடிகிற நேரத்தில் நமக்கு ஜூலை நடுவில் ஆடி பிறந்திருக்கும். ஆக இரண்டையும் சேர்த்தால் ஆகஸ்ட் பாதி வரை நல்ல காரியம் இல்லை. லோன் வந்திருக்காது, பத்திரப்பதிவுக்கு இன்னும் நாள் இருக்கும், ஆனால் பால் காய்ச்சும் நாளை ஜோசியர் குறித்துவிட்டார். கக்கதாசபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் வாங்குபவரின் அம்மாவே வந்து கேட்டார்: “தம்பி, நல்ல நாள் தப்பிப்போயிடும்ப்பா. அரைமணி நேரம், பால் பொங்கினதும் பூட்டிச் சாவியைக் குடுத்துடறோம்.” வயசான அம்மா, வெள்ளிக்கிழமை, பேசுவதும் நம் தமிழ். எப்படி மறுப்பது? கொடுத்தார்கள்.

பால் பொங்கியது. சாவி திரும்பவில்லை. மறுவாரம் அலமாரிக்கு அளவெடுக்கத் தச்சர் வந்தார், அதற்கடுத்த வாரம் இரண்டு மூட்டை சிமென்ட் வந்தது, ஒருநாள் போய்ப் பார்த்தால் சமையல் மேடையின் கருங்கல்லைப் பெயர்த்து ஹாலில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் வங்கி மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போட, கேட்ட லோன் கிடைக்கவில்லை. வியாபாரம் முறிந்தது. மிச்சம் இருந்தது நிலைப்படியில் மஞ்சள் குங்குமமும் மேடை இல்லாத சமையலறையும். அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது கல்லுக்கும் கூலிக்கும் யார் பணம் கொடுப்பது என்பதில் வாய்த்தகராறு முற்றி, இரண்டு பக்கமும் வக்கீலைப் பார்க்கப் போனார்கள்.

இது இத்தோடு போனது அதிர்ஷ்டம். அந்த ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருந்து, அதன்படியே வீட்டையும் ஒப்படைத்து, வாங்குபவரும் தன் பங்கைச் செய்யத் தயாராக இருந்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு அவருக்கு அரணாக வந்து நிற்கும். அவரை வெளியேற்றுவது லேசு இல்லை. வருமான வரித்துறைகூட அதை விற்பனையாகவே எடுத்துக்கொள்ளும்.

அதற்காகப் பெரியவர்களிடம் முகத்தை முறிக்கச் சொல்லவில்லை. நல்ல நாளிலேயே பத்திரப்பதிவு வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் நீங்களே கூடப் போய்த் திறந்துவிடுங்கள், பால் காய்ச்சட்டும், நீங்களும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாருங்கள். ‘பூஜைக்காக மட்டும் திறந்துவிட்டது, வீடு இன்னும் விற்பவர் வசமே இருக்கிறது’ என்று அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்பி, அவரிடமிருந்து ‘சரி’ என்று பதிலும் வாங்கிவிடுங்கள்.

பணத்தில் செய்கிற தவறுகள் கொஞ்சம் வேறு மாதிரி. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக ஏறியது. 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு 5 சதவீத முத்திரைத் தீர்வை, அதன்மேல் செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்தால் 1 கோடி ரூபாய் வீட்டுக்கு 7 லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது. அதனால் “பத்திரத்துல குறைச்சுக் காட்டலாம், மீதியைக் கேஷா வாங்கிக்குங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்ற கோரிக்கை இப்போது அதிகம். லாபம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. 15 லட்சம் ரொக்கம் வாங்கினால் 15 லட்சம் அபராதம். அபராதம் வருவது பணத்தை வாங்கியவருக்குத்தான், கொடுத்தவருக்கு அல்ல.

டிடிஎஸ் பற்றி வாக்குவாதம் வேண்டாம். 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்துக்கு, முழுத் தொகையில் 1 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அது அவர் உங்களிடம் பிடுங்குவது இல்லை, சட்டம். ஆனால் பிடித்ததைக் கட்டினாரா என்று சலான் கேட்டு வாங்குங்கள். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடிப்பு இதைவிட மிக அதிகம், அதை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

காலி செய்கிற தேதி

பத்திரப்பதிவு அன்றைக்கே பேக்கர்ஸ் ஆட்களை வரச்சொல்லிவிட்டு, காலையில் சாமான் ஏற்றி மாலையில் கையெழுத்துப் போடலாம் என்று திட்டம் போடுவார்கள். பதிவுத்துறையின் காவேரி இணையதளம் மனசு வைக்க வேண்டுமே. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் அது முடங்கி மாநிலம் முழுக்கப் பதிவுகள் நின்றன. அந்த நாளில் சாமானெல்லாம் லாரியில் இருந்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பதிவு முடிந்து ஏழு முதல் பத்து நாள் கழித்துக் காலி செய்வதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாங்குபவர் முனகினால், அந்த நாட்களுக்கு ஒரு வாடகையோ, சாவி கொடுக்கும்வரை அவரிடமே நிறுத்தி வைக்க ஒரு சின்னத் தொகையோ பேசிக்கொள்ளலாம். சின்னத் தொகை என்றால் சின்னத் தொகை. ஐந்து லட்சத்தை நிறுத்திவைத்தால் பிறகு சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் கணக்குப் போடுவார்.

அபார்ட்மென்ட்டில் லிஃப்ட்டை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்கக் கூடாது என்று சில இடங்களில் விதி. பெரிய லாரிக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு வேறு, அதனால் கொஞ்சச் சாமான் உள்ளவர்கள் குட்டி யானையிலேயே இரண்டு நடை அடித்துவிடுகிறார்கள்.

பதிவு அன்று சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில், டோக்கன் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், “டிடியில ஒரு லட்சம் குறையுது, நாளைக்கு கூகுள் பே பண்ணிடறேன்” என்று சொல்கிறவர்கள் உண்டு. சுற்றிலும் சாட்சிக்காரர்கள், புரோக்கர், இரு வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கூச்சத்தில் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். வாக்குவாதமும் வேண்டாம். “சரி, வந்ததும் போட்டுக்கலாம், நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள். பெரும்பாலும் அரைமணியில் பணம் வந்துவிடும். டிடி நகலை முந்தின நாளே வாங்கி, கொடுத்த வங்கிக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்வதும் வழக்கமாக இருக்கட்டும்.

சாவி கொடுத்தபிறகும் போன் வரும். மோட்டார் சுவிட்ச் எங்கே, காவேரித் தண்ணீர் எந்தக் கிழமை வரும், கேட் பூட்டு ஏன் இறுகுது. இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வதில் நஷ்டம் இல்லை. பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கேஸ் ஏஜென்சி, தண்ணீர் லாரிக்காரர் நம்பர்களை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் பாதிப் போன் குறையும். ஆனால் மூன்று மாதம் கழித்துக் குழாய் ஒழுகுது, வந்து பாருங்கள் என்றால், “பிளம்பர் நம்பர் கதவுல இருக்கு சார்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சாவி கொடுக்கிற அன்று பெஸ்காம் மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டின் எண்ணும் தெரிகிற மாதிரி அவரையும் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்து, அதுவரைக்குமான பில்லை நீங்கள் கட்டுங்கள். மின் இணைப்பைப் பெயர் மாற்றுவதற்கான கடிதத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் கட்டாமல் விடுகிற கரண்ட் பில்லெல்லாம் உங்கள் பெயரில்தான் வந்துகொண்டிருக்கும்.