பேய்க்கதையில் குற்றவுணர்வு: வன்னியில் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகள் தங்கள் கதைகளை என்னிடம் தந்து கருத்துக் கேட்பார்கள். அவற்றில் பேய்க்கதைகள் நிறைய. பலவற்றில் பேய் வருகிறது, ஆனால் வாசித்து முடித்த பிறகு எதுவும் நம்மோடு கூட வருவதில்லை. பெரும்பாலும் பேயில் பிழை இருக்காது. குற்றவுணர்வை எங்கே வைப்பது என்பதில்தான் பிழைத்துவிடுகிறது.

முதல் தவறு, குற்றத்தைப் பெரிதாக்குவது. கொலை, காட்டிக்கொடுப்பு என்று வைத்தால் பேய் வந்து பழி வாங்கும், கணக்கு முடிந்துவிடும். தப்பவே முடியாத குற்றவுணர்வு வேறு மாதிரி. செய்தது சரிதான், வேறு வழியே இல்லை, ஊரே "நீ என்ன செய்வாய் பிள்ளை" என்கிறது. குற்றம் சாட்ட ஆளில்லாத இடத்தில் மன்னிக்கவும் ஆளில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை சனம் நெருங்கி இருந்த இடம் நந்திக்கடல் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். அங்கே பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டினால் கரை சரியும். அதனால் சேலைகளை வெட்டி, பை தைத்து, மண் நிரப்பி அடுக்கினார்கள். கதையில் ஒரு மருமகள் அப்படித் தைக்கிறாள். கைக்கு எட்டிய சேலையெல்லாம் முடிந்து, கடைசியாக மாமியின் பையைத் திறக்கிறாள். "அதை மட்டும் விடு பிள்ளை. அது நான் போகேக்க உடுத்திறதுக்கு எண்டு வச்சிருக்கிறன்" என்கிறார் மாமி. இவள் பதில் சொல்லாமல் கத்தரிக்கோலை வைக்கிறாள். அந்த மூட்டை வெடித்த செல்லின் ஒரு பீஸைத் தாங்குகிறது, குழந்தை பிழைக்கிறது. பத்து நாளில் மாமி போய்விடுகிறார். தறப்பாளில் சுற்றித்தான் புதைக்கிறார்கள்.

இனி அவளை யாரும் விரட்டத் தேவையில்லை. பல வருடம் கழித்து, கிளிநொச்சியில் கட்டிய கல்வீட்டில், அலுமாரியில் மடித்து வைத்த சேலையை உதறும்போது கொஞ்சம் மணல் கொட்டினால் போதும்.

இங்கேதான் அடுத்த தவறு நடக்கும். "குற்றவுணர்வு அவளை அணுஅணுவாகத் தின்றது" என்று எழுதிவிடுவார்கள். அதை வெட்டுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் காட்டுங்கள். கொட்டிய மணலைக் கூட்டி அள்ளுகிறாள். வெளியே எறிய மனம் வரவில்லை. ஒரு பால்மா ரின்னில் போட்டு மூடி வைக்கிறாள். மகள் புதுச்சேலை வாங்கித் தந்தால் உடுத்தாமல் அடியில் வைக்கிறாள். எத்தனை சேலை இருக்கிறது என்று இரவில் எண்ணுகிறாள். வாசிக்கிறவர் நெஞ்சு அந்த எண்ணிக்கையில்தான் அடைக்கும்.

இரகசியத்தைக் கடைசி வரிக்கு ஒளித்து வைப்பதும் வேண்டாம். சேலை விஷயம் முதல் பக்கத்திலேயே தெரியட்டும். தெரிந்த பிறகும் அவள் விடுபட முடியாததுதானே கதை.

பேயைப் பேச விட்டால் வழக்காட விடாதீர்கள். "ஏன் வெட்டினாய்?" என்று மாமி கேட்டால் இவள் பதில் சொல்லிவிடலாம். "பிள்ளை, குளிருது" என்றால் என்ன சொல்வாள்?

வெள்ளைச்சேலை, சலங்கைச் சத்தம், பன்னிரண்டு மணி எல்லாம் கடன் வாங்கின சரக்கு. வன்னி இரவுக்குத் தன் சத்தங்கள் இருக்கின்றன. யானையை விரட்டப் போடும் வெடி, குளக்கட்டுப் பக்கம் திடீரென்று கத்தும் ஆள்காட்டிக் குருவி, பிறகு வரும் மௌனம்.

கடைசியில் "எல்லாம் மனப்பிராந்தி" என்று முடிப்பதும் சரியில்லை. இழப்புக்குப் பிறகு இறந்தவரின் குரலோ காலடியோ கேட்பது பலருக்கு நேர்கிற ஒன்று. அதை வைத்து ஒருவரைப் பைத்தியம் என்று எழுதுவது தவறு. இங்கே அது பக்கத்து வீட்டுக்காரரைக் குத்தும்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரைப் பேயாக எழுதாதீர்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் இருந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கொடுக்கவில்லை. செய்தால் பிள்ளையைத் தாங்களே சாகடித்தது போலாகிவிடும். அந்தப் பிள்ளையை நீங்கள் ஆவியாக நடக்க விட்டால், தாய் மறுத்த சாவை உங்கள் பேனா கொடுத்துவிடுகிறது. எழுத வேண்டுமானால் தாயை எழுதுங்கள். இரவில் படலைச் சத்தம் கேட்டால் எழும்பிப் போகவும் முடியாமல், போகாமல் படுக்கவும் முடியாமல் கிடக்கிறாளே, அதை.

சரி, முடிவு. பலர் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போய்ச் சேருவார்கள். வைகாசிப் பொங்கல், கடல்நீரில் எரியும் விளக்கு, கண்ணீர், ஆறுதல். அந்த விளக்கை நானும் கும்பிடுகிறவள்தான். ஆனாலும் கதையின் முடிச்சை அவிழ்க்கிற வேலையை அம்மனிடம் ஒப்படைக்கக் கூடாது. அந்த மருமகளைப் பொங்கலுக்குப் போக விடுங்கள், நன்றாகக் கும்பிடட்டும். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவுகிறாள். விரலிடுக்கிலிருந்து மணல் கரைந்து போகிறது. வற்றாப்பளைக்குப் போய் வந்த எவர் காலிலும் மணல் இருக்கும். அவள் இன்னொரு வாளி அள்ளுகிறாள்.