படப் புத்தகம் வாங்கும் முன் அவள் கையைப் பாருங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு காலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. "பொம்பளைப் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கலாம்க்கா?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எழுத்தைப் படிக்காதீர்கள். நான்கு வயதுப் பிள்ளை படத்தைத்தான் படிக்கும். கடையில் நின்றபடியே அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை படங்களை மட்டும் புரட்டுங்கள். பெண் பிள்ளை வரும் இடத்தில் அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். பையன் கையில் பட்டம், பந்து, டார்ச் லைட் இருக்கும். அவள் கையில் பூக்கூடையோ பொம்மையோ இருக்கும். பல புத்தகங்களில் அதுகூட இருக்காது, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து வியந்துகொண்டே நிற்பாள். வியப்பது ஒரு முழுநேர வேலை போல!

அடுத்து, அவள் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிய புத்தகம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு மழைப் பக்கம். தெருத் தண்ணீரில் மூன்று பையன்கள் முழங்கால் நனையக் காகிதக் கப்பல் விடுகிறார்கள், ஒருவன் சட்டையெல்லாம் சேறு. வலது ஓரத்தில் ஒரு ஜன்னல், கம்பிக்குப் பின்னால் ரிப்பன் கட்டிய தங்கை. கதையில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "இந்தப் பாப்பா மட்டும் ஏன் நனையல?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். யோசிக்காமல் ஒரு வாண்டு சொன்னது: "பாவாடை நனைஞ்சா அம்மா அடிப்பாங்க." இன்னொருத்தி, "அவளுக்குக் காய்ச்சல்" என்றாள். எழுதியவர் சொல்லாத காரணத்தைப் பிள்ளைகளே இட்டு நிரப்பிவிட்டார்கள்.

தலைகளையும் ஒருமுறை எண்ணுங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் லெனோர் வைட்ஸ்மனும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே சிறந்த சிறுவர் படப் புத்தகங்களுக்குக் கொடுக்கும் கால்டெகாட் விருது பெற்ற புத்தகங்களை அப்படித்தான் எண்ணினார்கள். 1972இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஒரு பெண் படத்துக்கு 11 ஆண் படங்கள். 2011இல் வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டு முழுக்க வெளியான 5,618 சிறுவர் புத்தகங்களை எடுத்துக்கொண்டது. அதில் விலங்குக் கதைகளில்தான் இடைவெளி மோசம். ஆண் விலங்கு மையப் பாத்திரமாக வருவது ஏறத்தாழ 23 சதவீதப் புத்தகங்களில், பெண் விலங்கு வருவது 7.5 சதவீதத்தில்.

தமிழில் நரி 'சொன்னது', கரடி 'ஓடியது' என்றாலே கதை நடந்துவிடும். ஆனாலும் வாசிக்கிற நாம் நரி மாமா, கரடி அண்ணன், சிங்கராஜா என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். பெண் விலங்கு என்றால் ஓவியர் நீள இமையும் பொட்டும் வைத்துவிடுவார். எந்த அடையாளமும் இல்லாத கரடியை அக்கா ஆக்குங்கள். நரியை அத்தை ஆக்குங்கள், தந்திரம் அப்படியே இருக்கட்டும். பிள்ளைகள் ஒரு நொடி முழிப்பார்கள், அப்புறம் கதைக்குள் போய்விடுவார்கள்.

இப்போது 'தைரியமான பெண்' புத்தகங்கள் நிறைய வருகின்றன. எனக்கு இவற்றில் பாதிக்கு மேல் அலுப்பு. அந்தப் பெண் விழமாட்டாள், அழமாட்டாள், பக்கத்துக்குப் பக்கம் ஊருக்குப் புத்தி சொல்வாள். ஐந்து வயதில் யார் அப்படி இருக்கிறார்கள்? நான் பார்ப்பது வேறு. அவள் எதையாவது உடைக்கிறாளா, பொய் சொல்கிறாளா, சோம்பேறியாகப் படுத்துக் கிடக்கிறாளா? கடைசிப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்காமலே தப்பிக்கிறாளா? பையன் மாங்காய் திருடினால் குறும்பு, அவள் திருடினால் திருந்த வேண்டும் என்கிற புத்தகத்தை எவ்வளவு அழகான படம் இருந்தாலும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

அப்பாவையும் பார்க்க வேண்டும். 2024இல் கேரளா வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் படம் வந்தது. அதைப் பலரும் போட்டோ எடுத்துப் பகிர்ந்தார்கள். தேங்காய் துருவுவது செய்தியாகிறது என்றால், மற்ற புத்தகங்களில் அப்பா எங்கே இருந்தார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் புத்தகங்களை எடைக்குப் போட வேண்டாம், நல்ல கதைகளும் அதில்தான் இருக்கின்றன. வாசிக்கும்போது நிறுத்தி, "இவ என்ன யோசிக்கிறா?" என்று கேளுங்கள். அந்த மழைப் பக்கத்துக்கு எங்கள் பிள்ளைகள் ஒரு தாளில் தங்கையை வரைந்து, வெட்டி, தண்ணீருக்கு நடுவே ஒட்டிவிட்டார்கள். பையன்களைவிடப் பெரிதாக இருக்கிறாள், பரவாயில்லை.

காசு இடிக்கிறது என்றால் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்துக்குப் போங்கள். 2015இலிருந்து இயங்குகிறது. தமிழிலும் ஏராளமான படப் புத்தகங்கள் இலவசம், பதிவிறக்கி அச்செடுத்தும் கொள்ளலாம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செலவு குறைவு, வண்ணத்தைப் பிள்ளைகளே தீட்டிக்கொள்வார்கள். அதற்கு முன் பென்சில் டப்பாவிலிருந்து 'ஸ்கின் கலர்' என்று அவர்கள் சொல்லும் அந்த வெளிர் ரோஸ் பென்சிலை எடுத்து ஒளித்துவிடுங்கள்.