லைட்சேபர் சத்தம் மாறி மாறி வருகிறதா?

வீட்டில் செய்த லைட்சேபரில் (ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாள்) ஒலிக் கோப்புகளை இயக்கும் டிஎஃப்பிளேயர் மினி போர்டு வைத்திருந்தால், மெமரி கார்டை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்துவிட்டு, ஒலிக் கோப்புகளை வரிசைப்படி ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். மூன்றாவதை ஒலிக்கச் சொன்னால், இந்த போர்டு பெயரைப் பார்க்காது. கார்டில் மூன்றாவதாக ஏறியது எதுவோ அதைத்தான் எடுக்கும். மொத்தமாக இழுத்துப் போட்டால் வரிசை கலைந்து, ஆன் செய்ததுமே மோதல் சத்தம் கேட்கலாம். மேக்கில் காப்பி செய்தால் ஒட்டிக்கொள்ளும் மறைகோப்புகளும் எண்ணிக்கையில் சேரும், அழித்துவிடுங்கள். கைப்பிடியை மூடுவதற்கு முன்பே இதை முடிப்பது நல்லது. அப்புறம் அந்தக் குழாய்க்குள் விரல் நுழையாது. எம்பி3 ஃபோல்டரில் 0001, 0002 என்று பெயரிட்டு அந்த எண்ணைக் கொண்டு ஒலிக்கச் செய்பவர்களுக்கும், கோப்பின் பெயரை வைத்தே தேடும் ப்ராஃபிபோர்டு என்ற இன்னொரு லைட்சேபர் போர்டுக்கும் இது தேவையில்லை.