அம்மாவுக்குப் புரிந்த மூன்று மாதக் கணக்கு

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 12 வருடம். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே சோற்றைக் குறைத்துவிடுவார். வெறும் வயிற்றில் 110 வரும். "நார்மல்தான்" என்று மாத்திரையை விட்டுவிடுவார். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் மட்டும் 9.2 என்று அதிகமாக வரும். அந்த எண் என்னவென்று யாருமே அவருக்குச் சொன்னதில்லை, நானும்தான்.

ஒருநாள் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்தேன். "ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரைம்மா இது. இரண்டு மூன்று மாதச் சராசரி. இரண்டு நாள் பத்தியத்தில் இறங்காது." அப்புறம், "இப்ப நீ எனக்குச் சொல்லும்மா" என்றேன்.

"பால் கணக்கு மாதிரி. தினம் வாங்கினதெல்லாம் மாசக் கடைசியில மொத்தமா வந்து நிக்கும்."

எனக்கே அவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது. மாத்திரை டப்பாக்களில் சூரியனும் நிலாவும் வரைந்து ஒட்டினோம். டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் அவரே எழுதி எடுத்துப் போகிறார். போன மாதம் எச்பிஏ1சி 7.4.