எரிமலைப் புகை எந்தப் பக்கம் போகும்? விரிதாளில் நாமே கட்டும் ஒரு சின்ன மாதிரி

1783 ஜூன் 8 அன்று ஐஸ்லாந்தின் லாக்கியில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு பொங்கியது. எட்டு மாதம் நீடித்த அந்த வெடிப்பு சுமார் 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடைக் காற்றில் கலந்தது. ஐஸ்லாந்தில் கால்நடைகளில் பாதிக்கு மேல் மடிந்தன. பின்தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோனார். ஐரோப்பா வரை கந்தக மூட்டம் பரவியது. அதைச் சுவாசித்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

இன்று அப்படி ஒரு புகை கிளம்பினால், அது எந்தப் பக்கம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். அந்தக் கணக்கின் எலும்புக்கூட்டை நீங்களே கட்டிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. எக்செல் மாதிரி ஒரு விரிதாள் போதும். பைத்தான் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும், தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

படி 1: எதைப் பின்தொடர்வது, சாம்பலையா வாயுவையா?

இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தாலும் நடத்தை வேறு. சாம்பல் என்பது பொடிந்த பாறையும் கண்ணாடியும், அது விழும். விழும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் 10 கி.மீ. உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். 10 மைக்ரான் துகளுக்கோ சுமார் 15 நாள். விட்டம் ஐந்து மடங்கு குறைந்தால் நேரம் 25 மடங்கு கூடிவிடுகிறது. அதனால் சாம்பலுக்கு ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியிருக்கும். முதல் முயற்சிக்கு வாயுதான் எளிது. கந்தக டை ஆக்சைடையே எடுத்துக்கொள்வோம்.

படி 2: எவ்வளவு, எந்த உயரத்தில்?

இதில் அவசரப்படாதீர்கள். மாதிரியின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட இங்கே செய்யும் பிழைதான் விடையை அதிகம் கெடுக்கும்.

அளவு பற்றி ஒரு பிடிமானம் வேண்டும். ஐஸ்லாந்தின் ஹோலுராவுனில் 2014 ஆகஸ்ட் 31 முதல் 2015 பிப்ரவரி 27 வரை நடந்த வெடிப்பில் சுமார் 1.1 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறியது. 180 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 60,000 டன். நம் கற்பனை எரிமலைக்கு அதில் பாதியைவிடக் குறைவாக, மணிக்கு 1,000 டன் என்று வைப்போம். முதலில் ஒரு மணி நேரப் புகையை மட்டும் எடுத்து, 1,000 துகள்களாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுவோம். ஆக, ஒரு துகள் என்றால் 1 டன். இந்தத் 'துகள்' தூசி அல்ல. வாயுவின் ஒரு பொட்டலம்.

உயரத்துக்கு, தரையிலிருந்து 1 கி.மீ. வரை புகை சமமாகக் கலந்திருப்பதாகக் கொள்வோம். வெயிலில் தரை சூடேறும் பகல் நேரத்துக்கு இது ஓரளவு பொருந்தும்.

சாம்பலுக்குப் போகும்போது உயரம் இன்னும் பெரிய தலைவலி. பழைய வெடிப்புகளை அலசியதில், புகைத்தூணின் உயரம் இரு மடங்கானால் வெளியேறும் நிறை பதினாறு மடங்குக்கு மேல் கூடுவது தெரிந்தது. 10 கி.மீ. என்று நினைத்த தூண் உண்மையில் 12 கி.மீ. எழுந்திருந்தால், உங்கள் சாம்பல் கணக்கு பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 3: காற்று

வானிலைத் தரவில் காற்றின் திசை என்பது அது எங்கிருந்து வருகிறது என்பதுதான். தென்றல் தெற்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து வருவது. தமிழில் பழகிய அதே முறைதான். 270 பாகை என்றால் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. கிழக்குநோக்கு வேகத்துக்குக் காற்றின் வேகத்தைத் திசையின் சைனாலும், வடக்குநோக்கு வேகத்துக்குக் கொசைனாலும் பெருக்கி, இரண்டுக்கும் கழித்தல் குறி போடுங்கள். குறியை மறந்தால் புகை நேர் எதிரே போகும்.

இப்போதைக்கு மேற்கிலிருந்து வினாடிக்கு 10 மீட்டர், அவ்வளவுதான்.

படி 4: துகள்களை நகர்த்துவது

இரண்டு தாள் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் கிழக்குத் தூரம், மற்றதில் வடக்குத் தூரம். ஒவ்வொரு வரிசையும் ஒரு துகள். ஒவ்வொரு நெடுவரிசையும் 10 நிமிடம். 24 மணி நேரத்துக்கு 144 நெடுவரிசை.

10 நிமிடத்தில் காற்று ஒரு துகளை 6 கி.மீ. கிழக்கே தள்ளும். அதோடு கொந்தளிப்பும் உண்டு. அதற்காக ஒவ்வொரு அடியிலும், இரண்டு தாளிலும், ஒரு சீரற்ற எண்ணைக் கூட்ட வேண்டும்: சராசரி 0, திட்டவிலக்கம் 1 கொண்ட இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்து, 2.45 கி.மீ.ஆல் பெருக்குங்கள். அந்த 2.45 எங்கிருந்து வந்தது? புகை எவ்வளவு வேகமாகச் சிதறுகிறது என்பதைச் சொல்லும் பரவல் கெழுவை வினாடிக்கு 5,000 சதுர மீட்டர் என்று வைத்து, அதை 600 வினாடியாலும் 2ஆலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வருவது.

வர்க்கமூலத்தை விட்டுவிடாதீர்கள். முதன்முறை இதைச் செய்தபோது சீரற்ற எண்ணை நேரத்தாலேயே நேரடியாகப் பெருக்கிவிட்டேன். 10 நிமிட அடியில் படம் அழகாகத்தான் இருந்தது. துல்லியம் கூடட்டும் என்று 1 நிமிட அடிக்கு மாற்றினேன். மேகம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. அடியின் நீளத்தை மாற்றினால் புகை சுருங்கக் கூடாது. பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து ஒரு சோதனையைத் தவறவிடுவதில்லை: 24 மணி நேரத்துக்குப் பிறகு வடக்குத் தூரங்களின் திட்டவிலக்கத்தைப் பார்ப்பது. அது 29 கி.மீ.க்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்தால் மேலே போகலாம்.

இன்னொன்று, விரிதாள் ஒவ்வொரு முறை தொடும்போதும் சீரற்ற எண்களை மாற்றிக்கொண்டே இருக்கும். தானியங்கிக் கணக்கீட்டை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

பிரிட்டன் வானிலைத் துறை செர்னோபில் விபத்துக்குப் பிறகு உருவாக்கிய 'நேம்' மாதிரியின் அடிப்படையும் இதுவே. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் ஏயாஃபியாட்லாயோகுட் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது, சாம்பல் எங்கே இருக்கிறது என்று கணித்தது அந்த மாதிரிதான்.

படி 5: வாயு மாறுவது

கந்தக டை ஆக்சைடு போகிற வழியில் சல்ஃபேட் நுண்துகளாக மாறிக்கொண்டே இருக்கும். அதன் சராசரி ஆயுளை 2 நாள் என்று கொண்டால், ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் துகளின் நிறையை 0.9965ஆல் பெருக்க வேண்டும். ஒரு நாள் கழித்து 1 டன்னில் 0.61 டன் மிஞ்சும். மீதி காணாமல் போவதில்லை. மாறிய ஒவ்வொரு டன்னும் 1.5 டன் சல்ஃபேட் ஆகும். ஹவாய் மக்கள் 'வாக்' என்று அழைக்கும் மூட்டத்தில் இது முக்கியப் பங்கு.

படி 6: எண்ணுவது

வரைபடத்தை 10 கி.மீ.க்கு 10 கி.மீ. கட்டங்களாகப் பிரியுங்கள். 1 கி.மீ. உயரத்தோடு சேர்த்தால் ஒரு பெட்டியின் கொள்ளளவு 10,000 கோடி கன மீட்டர். அதில் 1 டன் இருந்தால் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம். நம் துகளில் 0.61 டன்தான் மிச்சம் என்பதால், துகளுக்கு 6 மைக்ரோகிராம். ஒரு நாள் முடிவில், 864 கி.மீ. கிழக்கே, நடுப்பெட்டியில் ஏறக்குறைய 18 துகள் கிடைக்கும்; அதாவது 110 மைக்ரோகிராம். மறுமுறை ஓட்டினால் 14 வரலாம், 22 வரலாம். அந்த ஆட்டம் பிடிக்காவிட்டால் துகள்களைப் பத்தாயிரமாக்கி, ஒவ்வொன்றையும் 100 கிலோவாகக் குறையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேரச் சராசரி வரம்பு 40 மைக்ரோகிராம். 110ஐப் பார்த்துப் பதற வேண்டாம். இந்த மேகம் சில மணி நேரத்தில் கடந்துவிடும். அந்த இடத்தின் 24 மணி நேரச் சராசரி 10தான் வரும். ஆனால் எரிமலை நாள் முழுக்க இதே வேகத்தில் புகைந்தால்? 24 மேகங்கள் வரிசையாக வரும். சராசரி 230ஐ நெருங்கிவிடும், வரம்பைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

படி 7: மூன்று வரைபடம்

இப்போது படி 2க்குத் திரும்புங்கள். புகை 1 கி.மீ.க்குள் நிற்காமல் 3 கி.மீ. வரை எழுந்திருந்தால்? 5 கி.மீ.? அந்த உயரங்களில் காற்றின் திசையும் வேகமும் வேறு. அப்புறம், தரைக்கு அருகில் உள்ள கலப்பு அடுக்குக்கு மேலே போன புகை கீழே இருப்பவர்களை உடனே தொடாது. அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவாவின் ஹைஸ்பிளிட் மாதிரியை இணையத்தில் இலவசமாகவே ஓட்டலாம். அதில் உண்மையான காற்றுத் தரவோடு மூன்று உயரங்களுக்கும் பாதை வரைந்து பாருங்கள். பிறகு சென்டினல் 5பி செயற்கைக்கோளின் அன்றைய கந்தக டை ஆக்சைடு படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்தப் பாதை அந்தப் படத்தோடு ஒட்டிப்போகிறதோ, புகை ஏறிய உயரம் பெரும்பாலும் அதுதான்.