விதைக் கடையில் ‘ஏடிடி 3’ என்று மட்டும் கேட்காதீர்கள்

ஏடிடி 3 என்ற பெயரில் உளுந்தும் உண்டு, பச்சைப்பயறும் உண்டு. இரண்டும் நெல் தரிசில், அதாவது நெல் அறுவடை முடிந்த வயலில் விதைப்பவை. ஆகவே பயிரின் பெயரை முதலில் சொல்லுங்கள், குறியீட்டைப் பிறகு.

எழுத்து ரகம் பிறந்த ஊரைச் சொல்லும். ஏடிடி ஆடுதுறை, ஏஎஸ்டி அம்பாசமுத்திரம், டிஆர்ஒய் திருச்சி, சிஆர் ஒடிசாவின் கட்டாக், பிபிடி ஆந்திராவின் பாபட்லா. ‘கோ’ கோயம்புத்தூர், நெல், உளுந்து, தீவனப்புல், கத்தரி எல்லாவற்றுக்கும் அதுதான். அதனால்தான் நெல்லுக்கு நடுவில் ‘ஆர்’ சேர்த்து கோ (ஆர்) 51 என்று எழுதுகிறார்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது எண்ணில்தான். அது வயதும் (விதைத்ததிலிருந்து அறுவடை வரை ஆகும் நாள்) இல்லை, தரமும் இல்லை. ஏடிடி நெல்லில் அது வெளியீட்டு வரிசை. ஏடிடி 37க்கு 105 நாள். அடுத்த எண்ணான 38க்கு 130 நாளுக்கு மேல். ஏடிடி 43க்கு மறுபடி 110 நாள்தான். சிஆர் 1009இல் உள்ளது, ரகமாக வெளியிடும் முன் ஆராய்ச்சியில் அதற்குக் கொடுத்த எண். அதன் வயது 155 நாளுக்குக் குறையாது. கரும்பு வேறு கணக்கு: கோ 86032இல் 86 என்பது 1986ஆம் ஆண்டு.

வயதைக் கேட்காமல் வாங்கினால் பட்டம், அதாவது பயிர்ப் பருவம் தவறும். ஆகஸ்டில் சம்பாவுக்கு ஏடிடி 43 விட்டால் கதிர் முற்றும்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். சாய்ந்த கதிரிலேயே நெல் முளைக்கும். குறுவை அறுத்த பின் நடும் தாளடிக்கு சிஆர் 1009 போட்டால் பால் பிடிக்கும் நேரத்தில் ஆற்றில் தண்ணீர் நின்றுவிடும். குறுவைக்கு 105 முதல் 120 நாள், தாளடிக்கு 120 முதல் 135 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஆர் 1009 சம்பாவுக்கே உரியது. தண்ணீர் தேங்கும் பள்ளக்கட்டு வயல் என்றால் பெயரின் கடைசியில் ‘சப் 1’ என்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நாற்று மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். வெறும் 1009 அப்படித் தாங்காது.

பிறகு அட்டை. சான்று விதைக்கு நீலம், சான்று விதையை உண்டாக்கப் பயன்படும் ஆதார விதைக்கு வெள்ளை. அட்டை சாக்கின் வாயோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். தனியாகச் செருகியிருந்தால் வாங்காதீர்கள். பயிர், ரகம், குவியல் எண், காலாவதித் தேதி நான்கையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். நெல்லுக்கு முளைப்பு 80 சதவீதமாவது இருக்க வேண்டும். 100 நெல்லை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து நீங்களே எண்ணலாம்.

வயலில் வேறு ரகக் கலப்பு தெரிவது கதிர் வரும்போதுதான். அதுவரை அட்டையையும் ரசீதையும் தூக்கிப்போடாதீர்கள். புகார் கொடுக்க அவை இரண்டும் வேண்டும்.